‘கொடுங்கள்’ என்று சொல்ல ஆளில்லாத வேளை

பணியில் சேர்ந்த பின்னும் மாதந்தோறும் வகுப்புக்கு வரவேண்டும் என்ற அறிவிப்பைப் பார்த்து உங்களுள் பலர் முகம் சுளித்ததாகக் கேள்வியுற்றேன். உங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காலைப் பணி முடிந்து கால்கள் கெஞ்சும்போது, பள்ளி விடும் நேரத்தில் பிள்ளையை யார் அழைத்துவருவார் என்ற கவலையோடு ஒரு கூடத்தில் அமர்ந்து, ரப்பர்ப் பொம்மையின் மார்பை அழுத்திக்கொண்டிருப்பது எவருக்கும் இனிக்காது. படித்துத் தேறிப் பட்டயம் வாங்கியாயிற்றே, இன்னும் என்ன வகுப்பு என்று கேட்கத்தான் தோன்றும்.

நெய்வேலி நகரியத்தின் எல்லையை ஒட்டிய ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியர் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வகுப்பின் பயனைப் பற்றி உங்களுக்குச் சொற்பொழிவு ஆற்றப்போவதில்லை. வகுப்பில் கற்றுக்கொண்டதைச் செய்ததற்காக வேலையை இழக்கும் விளிம்பில் நின்ற ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அவள் பெயர் ஸ்டெல்லா. அவசரப் பிரிவில் ஒப்பந்தச் செவிலி. கணவனுக்குச் சுரங்கத்தில் இருந்த ஒப்பந்த வேலை முடிந்துபோய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. வாடகை வீடு, பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள், உடல் நலிந்த மாமியார் என்று எல்லாமே அவள் ஒருத்தியின் சம்பளத்தில் நின்றன. அவளுடைய ஒப்பந்தமோ அந்த மாதக் கடைசியில் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது. ‘பர்மனென்ட்’ என்ற சொல்லை இந்த ஊரில் எவ்வளவு ஏக்கத்தோடு உச்சரிப்பார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

எங்கள் மருத்துவமனையில் வகுப்புக்கு ஆள் அனுப்பும் முறை விந்தையானது. எந்தப் பிரிவிலிருந்து யாரை அனுப்புவது என்ற கேள்வி எழுந்தால், ‘யார் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும்?’ என்று பார்த்து அவரை அனுப்புவார்கள். அவசரப் பிரிவின் மூத்த செவிலி மல்லிகா இல்லாமல் அங்கே எதுவும் நடக்காது. ஆகவே மல்லிகா பல ஆண்டுகளாக ஒரு வகுப்புக்கும் வந்ததில்லை. இளையவள் ஸ்டெல்லா தன் முறைக்கும் வருவாள், பிறர் முறைக்கும் வருவாள்.

“என்ன ஸ்டெல்லா, நீ டியூட்டி பாக்க வர்றியா, வடை சாப்பிட வர்றியா?” என்று தோழியர் கேலி செய்வார்கள்.

“ரெண்டுக்கும்தான். வார்டுல எவ எனக்கு வடை குடுக்கிறா?” என்பாள்.

அந்த வகுப்பை நடத்தியவர் சிதம்பரத்திலிருந்து வரும் ஓர் ஆசிரியை. பெயர் வேண்டா என்று அவரே சொல்லியிருப்பதால் ஆசிரியை என்றே குறிப்பிடுகிறேன். கற்பிப்பதில் அவருக்கு இணையாக ஒருவரை நான் கண்டதில்லை. பாடத்தை நடித்துக் காட்டியே நடத்துவார். பொம்மை நோயாளி படுத்திருக்கும். செவிலி ஒருத்தி அதன் அருகில் நிற்பாள். ஆசிரியை கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் என்னும் இதயஒலிமானியை மாட்டிக்கொண்டு, கட்டிலின் கால்மாட்டில் மருத்துவராக நின்றுகொள்வார். குரலைக் கட்டையாக்கி, “கொடுங்க சிஸ்டர்!” என்று அதட்டுவார். கூடம் சிரிப்பில் அதிரும். செவிலி ஊசி போடுவாள், கைதட்டல் எழும், அடுத்தவள் வருவாள்.

கடும் ஒவ்வாமை பற்றிய வகுப்பும் அவ்வாறே நடந்தது. ஒரு மருந்து உடலுக்கு ஒவ்வாமல் மூச்சுக்குழல் இறுகி, குருதி அழுத்தம் சரியும்போது முதலில் கொடுக்க வேண்டியது அட்ரினலின் என்பதையும், அதைத் தொடையின் தசையில் போட வேண்டும் என்பதையும், மருத்துவர் அருகில் இல்லையென்றால் செவிலி காத்திருக்கலாகாது என்பதையும் ஆசிரியை திரும்பத் திரும்பச் சொன்னார். பழைய வழக்கம் வேறு. முன்பெல்லாம் அரிப்புக்கான ஊசியையும் ஸ்டீராய்டையும் போட்டுவிட்டு மருத்துவருக்காகக் காத்திருப்போம். அட்ரினலின் என்றாலே கை பின்வாங்கும்.

அது முந்திரிப் பருவம். வெயில் உச்சந்தலையைப் பிளக்கும் ஒரு பிற்பகலில், முத்தாண்டிக்குப்பத்திலிருந்து அஞ்சலை என்ற பெண்ணைக் கொண்டுவந்தார்கள். தோப்பில் சருகுக்குள் கையை விட்டுக் கொட்டை பொறுக்கியபோது விரியன் கடித்துவிட்டது. கை முழங்கைவரை வீங்கியிருந்தது. பணியிலிருந்த இளம் மருத்துவர் பார்த்து, நஞ்சுமுறி மருந்தைக் குழாய்வழி ஏற்றச் சொன்னார். மருந்து ஏறத் தொடங்கிய சிறிது நேரத்தில் நெடுஞ்சாலையில் அடிபட்ட ஒருவருக்கு அறுவை செய்ய உதவிக்கு அழைப்பு வந்தது. மருத்துவர் உள்ளே போனார். அவருடைய கைபேசி அறுவை அரங்கின் வெளியே இருந்த அலமாரியில் அடித்துக்கொண்டே கிடந்தது.

நான் அப்போது என் அறையில் பணிமுறைப் பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்தேன். அவசரப் பிரிவின் பணிப்பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

“மேடம், அந்தப் பாம்புக்கடி அம்மாவுக்கு மூச்சு இழுத்துகினு இருக்குது. ஒதடெல்லாம் வீங்கிப்போச்சு. ஸ்டெல்லா சிஸ்டர் ஊசிய கையில வச்சிகினு அப்படியே நிக்கிறாங்க. மல்லிகா சிஸ்டர் போடாதேங்குறாங்க. சீக்கிரம் வாங்க!”

நகரியத்தின் நேர்கோட்டுச் சாலைகளைப் போலவே எங்கள் நடைக்கூடமும் நீளமானது. அன்று அது முடிவதாகவே தெரியவில்லை. ஓடும்போதே மல்லிகாவின் குரல் கேட்டது.

“வேணாம்டி! அலர்ஜி ஊசி போட்டாச்சு, ஸ்டீராய்டு போட்டாச்சு. டாக்டர் வரட்டும். ஹார்ட்டு நின்னுச்சுன்னா நீயா பதில் சொல்லுவ?”

அதற்கு இடையில் அஞ்சலையின் நாத்தனாருடைய அலறல்: “ஏங்க, யாராவது எதனா பண்ணுங்களேன்! சும்மா பாத்துகினே நிக்கிறீங்களே!”

நான் வாயிலை அடைந்தேன். நஞ்சுமுறிக் குழாய் நிறுத்தப்பட்டிருந்தது. உயிர்வளி முகமூடி பொருத்தப்பட்டிருந்தது. அதுவரை செய்ய வேண்டிய யாவற்றையும் ஸ்டெல்லா முறையாகச் செய்திருந்தாள். ஊசிக்குழலில் மருந்தை அளந்து எடுத்துக் கையிலும் வைத்திருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் வாய் திறப்பதற்குள் குனிந்து அஞ்சலையின் தொடையில் ஊசியை இறக்கிவிட்டாள்.

பிறகு நாங்கள் மூவரும் ஒரு முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மூச்சின் கீச்சொலி குறைகிறதா, கூடுகிறதா என்று எனக்குப் புரியவே இல்லை. ஒரு கணம் அது நின்றுவிட்டதைப் போலத் தோன்றியது. பின்னர் நீண்டதொரு மூச்சு உள்ளே போயிற்று, மற்றொன்று, அதன்பின் மற்றொன்று. சரிந்திருந்த குருதி அழுத்தம் சிறுகச் சிறுக ஏறியது. அதே வேளையில் அஞ்சலையின் கைகள் வெடவெடவென்று நடுங்கத் தொடங்கின.

“நெஞ்சு படபடங்குதுங்குதே! இன்னா ஊசி போட்டீங்க அவளுக்கு?” என்று நாத்தனார் ஸ்டெல்லாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். அந்த நடுக்கமும் படபடப்பும் மருந்தின் இயல்பு, சற்று நேரத்தில் அடங்கிவிடும் என்று நான் விளக்கினேன். என் விளக்கத்தை அவள் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

அறுவை முடிந்து வந்த இளம் மருத்துவரின் முதல் கேள்வி நோயாளியைப் பற்றியதாகவே இருந்தது. இரண்டாவது கேள்வியைத் தாழ்ந்த குரலில் கேட்டார்: “அட்ரினலின் யார் ஆர்டர் போட்டது?” அவர் தீயவர் அல்லர். தம் பெயரில் இருந்த நோயாளிக்குத் தாம் அறியாமல் ஒரு வீரிய மருந்து போடப்பட்டதைக் கேட்டு அவரும் அஞ்சிப்போயிருந்தார்.

நஞ்சுமுறி மறுபடியும் மெல்ல ஏற்றப்பட்டது. அந்தியில் வேறொரு கவலை தலைதூக்கியது. அஞ்சலைக்குச் சிறுநீர் சரியாக இறங்கவில்லை. விரியன் நஞ்சு சிறுநீரகத்தைத் தாக்கும் என்பது நமக்குத் தெரியும், நாத்தனாருக்குத் தெரியாது. புதுச்சேரிக்கு அனுப்பி வைத்தோம். வண்டி வாயிலைத் தாண்டுவதற்குள் “அந்த ஊசியாலதான் மோசமாச்சு” என்ற பேச்சு மருத்துவமனை முழுவதும் பரவியிருந்தது. மறுநாள் அஞ்சலையின் உறவினர் பத்துப்பன்னிருவர் வந்து முதன்மை மருத்துவரின் அறை வாயிலில் நின்றனர்.

முதன்மை மருத்துவர் உடனடியாக ஒரு முடிவு எடுத்தார். விசாரணை முடியும்வரை ஸ்டெல்லா அவசரப் பிரிவுக்குள் வரலாகாது. புறநோயாளிப் பகுதியில் மாத்திரை வழங்கும் சன்னலருகே அவளை அமர்த்தினார்கள்.

அஞ்சலை பிழைத்துக்கொண்டார் என்பதை இப்போதே உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சிறுநீரகம் மீண்டது, பிற்பாடு நடந்தே வந்து எங்களைப் பார்த்துச் சென்றார். ஆனால் இனி நான் சொல்லப்போகும் நாள்களில் அது எங்களுக்குத் தெரியாது. புதுச்சேரியிலிருந்து அழைப்பு வரும்போதெல்லாம் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

அந்நாள்களுள் ஒன்றில் மல்லிகா என் அறைக்கு வந்தாள். அமரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினாள்.

“எல்லாரும் என்னைய வில்லி மாதிரி பாக்குறாங்க மேடம். நான் படிச்சு முடிச்ச புதுசுல ஒருத்தருக்கு அதே மருந்த நேரா நரம்புல போட்டுட்டாங்க. என் கண்ணு முன்னாடியே நெஞ்சு நின்னுபோச்சு. அவரு பொண்டாட்டி என் புடவையப் புடிச்சிகினு கேட்டா, ‘இப்பதான பேசினாரு’ன்னு. அந்தப் பாட்டில பாத்தாலே எனக்கு அந்த மூஞ்சிதான் ஞாபகம் வருது.”

குருதிநாளத்தில் நேராகப் போடுவது வேறு, தசையில் உரிய அளவில் போடுவது வேறு என்பதை அவளுக்கு விளக்கினேன். “இத யாருமே எனக்குச் சொல்லலியே” என்றாள். யார் சொல்லியிருக்க முடியும்? வகுப்புக்கு அவளை ஒருமுறைகூட நாங்கள் விட்டதில்லை. இளையோரே, மல்லிகாவிடம் இருந்தது அறியாமை அன்று. அவள் கண்ணால் கண்ட அனுபவம். அந்த அனுபவம் பல ஆண்டுகளாக வெளிக்காற்றுப் படாமல் ஒரே இடத்தில் உறைந்து கிடந்தது. நீங்களும் மூத்தவர்கள் ஆவீர்கள். உங்களை வகுப்புக்கு விடுவிக்க முடியாது என்று பிரிவில் சொல்லும்போது அதைப் பெருமையாக எடுத்துக்கொள்ளாதீர்கள், கவலைப்படுங்கள்.

ஆனால் என்னை அதைவிட உறுத்திய கேள்வி வேறொன்று. ஸ்டெல்லா பாடம் அறிந்தவள், மருந்தையும் எடுத்துவிட்டாள். பிறகு ஏன் நின்றாள்? உணவு இடைவேளையில் மாத்திரைச் சன்னலுக்குச் சென்று கேட்டேன். மல்லிகா தடுத்ததாலா?

அவள் மாத்திரைப் பட்டைகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

“அவங்க கத்தினது எனக்குக் காதுலயே விழல மேடம். எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்துச்சு. டோஸு, இடம், எல்லாமே. ஆனா கை நின்னுபோச்சு. எதுக்கோ காத்துகினு இருந்தேன். எதுக்குன்னு அப்புறமாத்தான் புரிஞ்சுது. ‘கொடுங்க சிஸ்டர்’னு ஒரு சத்தம் வரும்ல? அது வரவே இல்ல.”

வகுப்பில் ஒவ்வொரு முறையும் அந்தக் குரல் ஒலித்தது. காத்திராதே என்று ஆசிரியையின் வாய் கற்பித்தது. காத்திரு என்று அவருடைய நடிப்பு கற்பித்தது. கையோ நடிப்பைத்தான் நினைவில் வைத்துக்கொண்டது.

அன்றே ஆசிரியைக்குத் தொலைபேசியில் சொன்னேன். “நான் அடுத்த வாரமே வர்றேன்” என்று மட்டும் சொல்லித் தொடர்பைத் துண்டித்தார்.

சொன்னபடி வந்தார். அன்றைய வகுப்பில் மல்லிகாவும் இருந்தாள். கைகளைக் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் அமர்ந்திருந்தாள். ஆசிரியை வழக்கம்போல இதயஒலிமானியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து கால்மாட்டில் நின்றார். பிறகு அதைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பொம்மையின் அருகில் நின்ற இளம்பெண் மருந்தை எடுத்தாள்.

“மேடம், கொடுக்கட்டுமா?”

விடையில்லை.

“மேடம்?”

“நான் மேடம் இல்ல, செவுரு. டாக்டர் உள்ள இருக்காரு, போன் எடுக்க மாட்டாரு. செவுத்துக்கிட்டயா பர்மிஷன் கேப்ப?”

சிலர் சிரித்தனர், சிரிப்பு பாதியிலேயே நின்றுபோயிற்று. அந்தப் பெண் அறையைச் சுற்றிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் தலை குனிந்துகொண்டேன். வியர்வை அவள் நெற்றியிலிருந்து பொம்மையின் மீது சொட்டியது. பொம்மைதான், எவரும் சாகப்போவதில்லை. ஆயினும் அந்தக் கூடத்தில் அமர்ந்திருந்த ஒவ்வொருத்தியின் மூச்சும் அடைபட்டிருந்தது. இறுதியில் அவள் ஊசியைப் போட்டாள். ஒருவரும் கைதட்டவில்லை. மல்லிகாவின் முறை வந்தபோது அவள் எழுந்து வந்து ஊசிக்குழலைத் தொட்டுப் பார்த்தாள். “அடுத்த தடவ பண்றேன்” என்று வைத்துவிட்டுப் போனாள். ஆசிரியை வற்புறுத்தவில்லை.

விசாரணைக்கு முந்திய நாள் ஸ்டெல்லாவைத் தனியே அழைத்தேன். என் திட்டம் இது: நான் நேரில் வாயிலில் நின்றேன், நான்தான் போடச் சொன்னேன் என்று கூறிவிடுவது. நான் நிரந்தரப் பணியில் இருப்பவள், ஓய்வை நெருங்கியவள். என்னை என்ன செய்துவிட முடியும்? அவளுக்கோ மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது.

“நான் பார்த்துக்கொள்கிறேன், நீ வாய் திறக்க வேண்டா” என்றேன்.

“சரிங்க மேடம்” என்றாள். கண்கள் கலங்கியிருந்தன. அவள் உடன்பட்டுவிட்டாள் என்றே எண்ணினேன்.

இதை நீங்கள் நன்கு கவனிக்க வேண்டும். அது அன்பால் எழுந்த பொய்தான். எனினும் அதை நான் சொல்லியிருந்தால் அந்த மருத்துவமனையில் என்ன நிலைத்திருக்கும்? யாரோ ஒரு மூத்தவர் சொன்னதால்தான் ஊசி போடப்பட்டது என்பதே நிலைத்திருக்கும். அடுத்த முறை இன்னொருத்தி மருந்தோடு நின்று, மூத்தவர் ஒருவர் வாயிலில் வருகிறாரா என்று பார்த்திருப்பாள். அன்றிரவு எனக்கு இது தோன்றவில்லை. அவளுடைய வேலை மட்டுமே என் கண்முன் நின்றது.

விசாரணை முதன்மை மருத்துவரின் அறையில் நடந்தது. குளிரூட்டி இரைந்துகொண்டிருந்தது; எனக்கு மட்டும் வியர்த்தது. இளம் மருத்துவர் ஓர் ஓரத்தில் அமர்ந்திருந்தார். முதன்மை மருத்துவர் கண்ணாடியை மேசைமேல் வைத்துவிட்டு நேரடியாகவே கேட்டார்.

“அட்ரினலின் போடச் சொன்னது யாரு?”

நான் முன்னே சாய்ந்தேன். “ஐயா, நான்…”

“யாரும் சொல்லலீங்க சார்.” ஸ்டெல்லாவின் குரல் எனக்கு முன்னால் போய்விட்டது. “மேடம் அப்பதான் ஓடி வந்தாங்க. நான்தான் போட்டேன்.”

“டாக்டர் ஆர்டர் இல்லாம?”

“டாக்டருக்குப் போன் பண்ணினேன் சார், எடுக்கல. அந்தம்மாவுக்கு மூச்சு அடைச்சுகினு இருந்துச்சு. பிபி இறங்கிடுச்சு. டிரிப்ஸ நிறுத்தினேன், ஆக்சிஜன் வச்சேன், அப்புறம் தொடையில போட்டேன்.”

“அந்தம்மா இப்ப பாண்டிச்சேரில படுத்துகிட்டிருக்காங்க. எப்படி ஆகும்னு தெரியாது. தெரியுமில்ல?”

“தெரியும் சார்.”

“ஏதாவது ஆச்சுன்னா உன்னையத்தான் கேப்பாங்க. என்னையும் கேப்பாங்க.”

“ஆமா சார்.”

முதன்மை மருத்துவர் இளம் மருத்துவரைப் பார்த்தார். அவர் சற்றுத் தயங்கி, “நான் அங்க இருந்திருந்தா நானும் அதையேதான் சார் கொடுத்திருப்பேன்” என்றார்.

“அது வேற. நீ டாக்டர்.” முதன்மை மருத்துவர் மீண்டும் ஸ்டெல்லாவின் பக்கம் திரும்பினார். “சரி, ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். மறுபடியும் இதே மாதிரி ஒரு கேஸ் வந்தா இப்படித்தான் செய்வியா?”

நான் அவளுடைய கைகளைப் பார்த்தேன். சேலைத் தலைப்பின் நுனியை அவை முறுக்கிக்கொண்டிருந்தன. ‘மாட்டேன், மன்னித்துவிடுங்கள்’ என்று சொன்னால் அத்தோடு எல்லாம் முடிந்துவிடும். அவள் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று என் மனத்தின் ஒரு பாதி மன்றாடியது.

“இப்படிச் செய்ய மாட்டேன் சார்” என்றாள் ஸ்டெல்லா.

முதன்மை மருத்துவர் தலையசைத்து மூக்குக் கண்ணாடியை எடுத்தார்.

“அன்னைக்கு ஊசிய கையில வச்சிகினு ரொம்ப நேரம் நின்னுட்டேன் சார். யாராவது சொல்லுவாங்கன்னு. அடுத்த தடவ அவ்வளவு நேரம் நிக்க மாட்டேன்.”

கண்ணாடியை மாட்டப்போன கை பாதிவழியில் நின்றது. அவர் சினங்கொள்கிறாரா, சிந்திக்கிறாரா என்று அந்த முகத்திலிருந்து அறிய முடியவில்லை. இளம் மருத்துவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டெல்லாவின் விரல்கள் தலைப்பை விட்டுவிட்டன.

“உனக்கு இப்ப எங்க டியூட்டி?” என்று முதன்மை மருத்துவர் கேட்டார்.

“மாத்திரை கவுண்டர்ல சார்.”

“அங்க வேற யாரையாவது உக்கார வச்சுக்கலாம். நீ எமர்ஜென்சிக்குப் போம்மா. அங்க ஆள் பத்தலன்னு காலையிலேர்ந்து கத்திகிட்டிருக்காங்க.”

அவள் நகரவில்லை, கேட்டது சரிதானா என்ற ஐயத்தோடு என்னைப் பார்த்தாள். நான் எதுவும் சொல்லவில்லை. அவள் எழுந்து கதவைத் திறந்துகொண்டு வெளியேறினாள். நீண்ட நடைக்கூடத்தில் முதலில் நடையாகக் கேட்ட காலடியோசை, சிறிது தொலைவு சென்றதும் ஓட்டமாக மாறியது.